வண்டிச் சக்கரம் செய்கிற வேலை: குடத்திலிருந்து இரும்புப் பட்டை வரை

மரச் சக்கரம் வேண்டும் என்று இப்போது எங்கள் பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அதை ஓட்டப் போவதில்லை. தோட்டத்து வீட்டு வாசலில் சாத்தி வைக்க, ஓட்டல் முகப்பில் நிறுத்த என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் ரேக்ளா ஓட்டுகிறவர்கள். அப்புறம் டயர் வண்டிக்கு மாற மனசில்லாத ஒன்றிரண்டு விவசாயிகள். காங்கயம் பக்கம் இன்னும் நல்ல மாடு வளர்க்கிறார்கள், அதனால் எங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. அழகுக்கு வைக்கிற சக்கரம்தானே என்று ஈர மரத்தில் செய்து விற்பவர்களும் உண்டு. ஒரு சித்திரை வெயில் போதும், ஆரக்கால் ஆடத் தொடங்கிவிடும். ஓடினாலும் நின்றாலும் சக்கரம் ஒரே மாதிரிதான் செய்யப்பட வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே சொல்வது பாரம் ஏற்றும் வண்டியின் சக்கரம். குறுக்களவு 57 அங்குலம், அதாவது நாலே முக்கால் அடி. நடுவில் குடம், அதாவது இருசு (அச்சு) நுழையும் கட்டை. குடத்திலிருந்து 12 ஆரக்கால்கள். அவற்றின் முனைகளைச் சேர்த்துப் பிடிக்க 6 வட்டைகள். எல்லாவற்றையும் சுற்றி 2 அங்குல அகலம், அரை அங்குலத் தடிமனில் ஓர் இரும்புப் பட்டை. இதில் ஆணி கிடையாது, பசை கிடையாது. காய்ச்சி இறக்கிய பட்டை குளிர்ந்து சுருங்கும்போது வட்டையை நெருக்குகிறது. வட்டை ஆரக்காலை நெருக்குகிறது. ஆரக்கால் குடத்துக்குள் போய் உட்காருகிறது. சக்கரம் நிற்பது இந்த நெருக்கலில்தான். ஆகவே தச்சன் செய்கிற வேலை எல்லாமே அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்கு மரத்தைத் தயார் செய்வதுதான். பட்டைக்கு எவ்வளவு இடம் விடுகிறோம், மரம் அதற்குள் எவ்வளவு காய்ந்திருக்கிறது, இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரம்

கருவேலம். எங்கள் பக்கம் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் இது ஒன்றே போதும். வாகையும் வட்டைக்கு ஆகும். தேக்கில் செய்யச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேக்கு கதவுக்கு நல்ல மரம், ஆனால் சக்கரம் வாங்குகிற அடியை வேலமரம் தாங்குகிற மாதிரி அது தாங்காது. சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு "இதுவும் வேலம்தானே" என்பார்கள். இரண்டும் வேறு மரம். அதில் குடத்துக்கு வேண்டிய பருமனில் நேரான கட்டை கிடைப்பதும் கஷ்டம்.

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வெட்டிய மரமாகப் பார்த்து வாங்குகிறேன். தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். நான் நிலாவைப் பார்ப்பதில்லை, வைரத்தைப் பார்க்கிறேன். அறுத்த முகத்தில் வெளியே வெளுப்பாக இருப்பது வெளிறு, உள்ளே செம்பழுப்பாக இருப்பது வைரம். வெளிறு உளுத்துப் போகும். ஆரக்காலில் துளிகூட வெளிறு இருக்கக் கூடாது. வட்டையின் ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய கட்டையைக் கிணற்றிலோ குட்டையிலோ மூழ்கும்படி ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். தண்ணீர் நாறும், கறுப்பாகும், பயப்பட வேண்டாம். மரத்தின் சாறு இறங்கிவிட்டால் பூச்சி அவ்வளவாக அண்டாது. எடுத்த பிறகு, குடத்துக்கு 16 அங்குல நீளமும் 12 அங்குலப் பருமனும் உள்ள துண்டாக அறுத்து, நடுவில் 2 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். மரத்தின் நடுநெஞ்சு அதோடு போய்விடும், உள்ளிருந்தும் காற்று பட்டுக் காயும். இரண்டு முகத்திலும் சாணி மெழுகுங்கள். முகம் சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். நிழலில், தரையில் படாமல், கட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஆரக்காலுக்கு இரண்டு வருடம். குடத்துக்கு நான்கு வருடமாவது வேண்டும். இதில் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து பலிக்கவில்லை. அவசரமாகக் கேட்பவர்களுக்கு எங்கள் கொட்டகையில் முன்பே காய்ந்து கிடக்கும் கட்டையை எடுத்துத்தான் செய்கிறோம்.

குடம்

காய்ந்த கட்டையைக் கடைசலில் ஏற்றி 10 அங்குலக் குறுக்களவுக்குக் கடையுங்கள், நீளம் 14 அங்குலம். முன்பெல்லாம் ஒருவர் கயிறு இழுக்க இன்னொருவர் கடைவார். இப்போது மோட்டார். ஆரக்கால் இறங்கும் நடுப்பகுதியைப் பருத்த மட்டத்திலேயே விட்டுவிட்டு, இரண்டு முனையையும் லேசாகச் சரித்துக்கொள்ளுங்கள். முனைகளில் இரும்புப் பூண் போட வேண்டும். துளை வெட்டுவதற்கு முன்பே பூணைக் காய்ச்சி ஏற்றிவிடுங்கள். பூண் இல்லாத குடத்தில் உளியை வைத்து அடித்தால் பிளக்கும்.

12 துளைகளுக்கான இடம் குறிக்க அளவுநாடா வேண்டாம். குடத்தின் முகத்தில் கவராயத்தால் ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தைச் சுருக்காமல் விரிக்காமல் அதே அளவில் வட்டத்தின் மேலேயே எட்டு வைத்து நடத்தினால் சரியாக ஆறாவது எட்டில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்தால் 12. முகத்திலிருந்து கோடுகளைப் பக்கவாட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துளையும் இருசின் போக்கில் 3 அங்குல நீளம், குறுக்கே 1 அங்குல அகலம், ஆழம் இரண்டரை. அதற்கு மேல் ஆழம் போகாதீர்கள். வெளியே துளைக்கும் துளைக்கும் நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் மரம் இருப்பது போலத் தெரியும். உள்ளே போகப்போக அது குறுகிக்கொண்டே வந்து, இரண்டரை அங்குல ஆழத்தில் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிஞ்சும். இந்தச் சுவரைக் காப்பாற்றச் சிலர் துளைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக முன்னும் பின்னும் தள்ளி வெட்டுவார்கள். அதுவும் நல்ல முறைதான். முதலில் துறப்பணத்தால் துளைத்து மரத்தைக் குறைத்துவிட்டு, மூலைகளை மட்டும் உளியால் எடுங்கள்.

துளை குடத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஆரக்காலின் வட்டை முனை, குடத்து முனையைவிட ஒரு அங்குலம் வண்டிக்கு வெளிப்பக்கம் தள்ளி நிற்கும்படி சாய்த்து வெட்ட வேண்டும். மாடு நடக்கும்போது வண்டி இடமும் வலமும் அசையும். அசைகிற ஒவ்வொரு முறையும் பாரம் குடத்தை வெளியே தள்ளப் பார்க்கும். ஆரக்கால்கள் இப்படிச் சாய்ந்து நின்றால், குடம் வெளியே வர வேண்டுமானால் வட்டை விரிந்து கொடுக்க வேண்டும். இரும்புப் பட்டை அதை விரிய விடாது. தட்டையாகச் செய்த சக்கரத்துக்கு இந்தப் பலம் கிடையாது. கடைகளில் அழகுக்கு விற்கிற சக்கரம் பலவும் தட்டைதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆரக்கால்

ஆரக்காலை அறுக்காதீர்கள், பிளந்து எடுங்கள். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் இழை போகிற வழியில்தான் பிரியும். முனையிலிருந்து முனை வரை ஓடுகிற இழை உள்ள துண்டு மட்டும் நேராக வரும், மற்றது திருகிக்கொண்டு வரும். திருகியதை அடுப்புக்குப் போடுங்கள். அறுத்து எடுத்த துண்டு பார்வைக்கு நேராக இருந்தாலும் இழை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கலாம், அந்த இடத்தில் ஒரு நாள் ஒடியும். கணு உள்ளதும் வேண்டாம்.

28 அங்குலமாக வெட்டி வைத்துக்கொண்டால் போதும். குடத்துக்குள் இரண்டரை, வட்டைக்குள் 4, நடுவே பத்தொன்பதரை என்று 26 அங்குலம் பயன்படும், மிச்சம் கடைசியில் அறுத்துவிடுவது. குடத்துப் பக்கம் 3 அங்குல அகலமும் ஒன்றே முக்கால் தடிமனும் இருக்கட்டும். வட்டைப் பக்கம் இரண்டுக்கு ஒன்றரையாகச் சிறுக்க வைக்கலாம். வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கைக்கருவி) உரு எடுத்து இழைப்புளியால் முடிப்போம். அகலப் பக்கம் இருசின் போக்கில் நிற்க வேண்டும், பக்கவாட்டு அடியை அதுதான் தாங்கும்.

கழுந்தை, அதாவது துளைக்குள் இறங்கும் ஆரக்கால் முனையை, துளையைவிட ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) பெரிதாகவே விடுங்கள். கையால் தள்ளி உள்ளே போகிற கழுந்து உபயோகமில்லை. சம்மட்டி அடியில்தான் இறங்க வேண்டும். அடிக்க அடிக்கச் சத்தம் மாறிக்கொண்டே வரும். கழுந்தின் அடியில் பருத்து நிற்கும் தோள் குடத்தில் போய் முட்டியதும் சத்தம் கெட்டியாகி நின்றுவிடும், அதோடு நிறுத்துங்கள். ஒரு ஆரக்காலை அடித்ததும் அதற்கு நேர் எதிரே உள்ளதை அடிக்க வேண்டும், வரிசையாகப் போகக் கூடாது.

சாய்வு சரியா என்று பார்க்க, குடத்தின் நடுத்துளையில் ஒரு முளை அடித்து அதில் சுற்றுகிற மாதிரி ஒரு நீளக் குச்சியை மாட்டிக்கொள்ளுங்கள். குச்சியின் மறுமுனையில் சிறிய ஆணி. ஒவ்வொரு ஆரக்காலின் முனைக்கும் குச்சியைச் சுற்றிக் கொண்டுபோனால் ஆணி எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தொட வேண்டும். ஒரு நூல் முன்பின் இருந்தால் அப்போதே மரத்துண்டு வைத்துத் தட்டித் திருத்திவிடலாம்.

வட்டை

சக்கர வட்டத்தை ஆறாகப் பிரித்த ஒரு பங்கு ஒரு வட்டை. வெளி வளைவின் நேர் அளவு இருபத்தெட்டரை அங்குலம். வளைவோடு சேர்த்து எடுக்கப் பலகை 30 அங்குல நீளம், ஏழரை அங்குல அகலம், இரண்டரை அங்குலத் தடிமனாவது இருக்க வேண்டும். இயற்கையாகவே வளைந்த கிளை கிடைத்தால் விடாதீர்கள், இழையும் வளைவோடு ஓடும், மரமும் வீணாகாது. நேர்ப் பலகையில் எடுத்தால் இரண்டு முனையிலும் இழை குறுக்காக வெட்டுப்படும், பலம் குறைவு அங்கேதான். ஒரு தகட்டில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு ஆறுக்கும் அதையே வைத்துக் கோடு போடுங்கள். 4 அங்குல உயரம் வரும்படி அறுத்து, உள்வளைவை வாய்ச்சியால் செதுக்கினால் சரி.

ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு ஆரக்கால். முனையிலிருந்து கால் பங்கில் ஒன்று, முக்கால் பங்கில் ஒன்று. வட்டையும் வட்டையும் சேருமிடத்தில் இரண்டிலும் துளையிட்டு ஒரு மர முளை வைக்க வேண்டும். இது பக்கவாட்டில் விலகாமல் இருப்பதற்கு மட்டுமே.

மாட்டும்போது ஒரு சிக்கல் வரும். ஆரக்கால்கள் வெளியே போகப்போக விரிந்து நிற்கின்றன, ஒரே வட்டையில் இரண்டும் ஒன்றாக நுழையாது. இரண்டையும் கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு கட்டையைச் செருகி முறுக்குங்கள். ஆரக்கால் லேசாக வளைந்து நெருங்கிவரும். நுனி துளையில் ஏறியதும் முறுக்கை மெல்ல விட்டுவிட்டு, வட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே இறக்குங்கள். பிளந்தெடுத்த ஆரக்கால் இந்த வளைவைத் தாங்கும். அறுத்தெடுத்தது சில நேரம் இங்கேயே முறிந்து தன் குணத்தைக் காட்டிவிடும்.

ஆறு வட்டையும் மாட்டிய பிறகுதான் தச்சு வேலையின் உயிரான இடம். வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இரண்டு ஹாக்சா பிளேடு சேர்ந்து நுழைகிற அளவு. எதற்காக? பட்டை சுருங்கும்போது முதலில் ஆரக்காலின் தோள்கள் வட்டையில் அழுந்த உட்கார வேண்டும், அதன் பிறகு வட்டைகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும். இடைவெளி இல்லாமல் வட்டைகள் முன்னரே முட்டிக்கொண்டால் பட்டையின் பலம் எல்லாம் வட்டைக்குள்ளேயே தீர்ந்துபோகும், ஆரக்கால் தளர்ந்தபடியே நிற்கும். வெளியே பார்த்தால் சக்கரம் கச்சிதமாகத் தெரியும், கையால் அசைத்தால் ஆரக்கால் ஆடும். இடைவெளி அதிகமாகப் போனால் வேறு கூத்து. நெருக்கல் முழுவதும் ஆரக்கால் மேல் விழுந்து, காற்றில் குடை திரும்புகிற மாதிரி சக்கரம் ஒரு பக்கம் குழிந்துவிடும்.

பட்டை

இது கொல்லுப்பட்டறை வேலை. எங்களுக்கு மாமா முறையாகிற கொல்லர் ஒருவர் செய்துதருகிறார். ஆனாலும் அளவு எடுக்கும்போது தச்சன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கயிறு இழுபடும், அதை நம்ப முடியாது. கைப்பிடி வைத்த ஒரு சிறு தகட்டு வட்டில் கோடு போட்டு, சக்கரத்தைச் சுற்றி உருட்டி எத்தனை சுற்று, எத்தனை மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 57 அங்குலச் சக்கரத்துக்குச் சுற்றளவு சுமார் 179 அங்குலம். இரும்பை வளைக்கும்போது தடிமனுக்காக ஒன்றரை அங்குலம் கூட்ட வேண்டும், அதாவது அரை அங்குலத் தடிமனைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். சுருக்கத்துக்காக முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை கழிக்க வேண்டும். வளைத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்த பிறகு அதே தகட்டு வட்டைப் பட்டையின் உட்பக்கம் உருட்டிப் பாருங்கள். சக்கரத்தைவிட முக்கால் அங்குலமாவது குறைவாக வர வேண்டும். புது மரத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் குறைக்க நான் விடமாட்டேன்.

15 அடி இரும்பு சிவக்கக் காய்ந்தால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் நீளும். குறைத்தது ஒரு அங்குலம், நீள்வது ஒன்றேகால். நுழைய இடம் அவ்வளவுதான். அதனால் ஆட்கள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.

விடிகாலையில் செய்யுங்கள். வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதிகம் காய்ந்துவிடும். பட்டையைக் கற்கள் மேல் படுக்கவைத்து, கீழும் மேலும் வறட்டி, தேங்காய்த் தொட்டி, பனைமட்டை அடுக்கிச் சுற்றிலும் ஒரே நேரத்தில் பற்றவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பட்டை கோணும். சக்கரத்தைத் தரையில் மட்டமாகப் படுக்க வையுங்கள், குடம் இறங்கக் குழி தோண்டிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் மேலே பார்த்திருக்கட்டும். தண்ணீர்க் குடங்கள் சுற்றிலும் தயாராக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் லுங்கி கட்டிக்கொண்டு யாரும் கிட்டே வர வேண்டாம். பருத்தி வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளைத் திண்ணையோடு நிறுத்துங்கள்.

மங்கலான சிவப்பு வந்ததும் ஒரு காய்ந்த சுள்ளியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் தீப்பிடித்தால் சரியான சூடு. நான்கு பேர் குறடால் தூக்க வேண்டும். பட்டை 23 கிலோ இருக்கும், கனத்தைவிட அனல்தான் கஷ்டம். பற்றவைத்த இடம் ஒரு வட்டையின் நடுவில் வரட்டும், இரண்டு வட்டை சேருமிடத்தில் வரக் கூடாது. முன்பே சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வையுங்கள். இறங்க மறுக்கும் பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி, மேலே சம்மட்டியால் அடித்து மட்டம் செய்யுங்கள். மரம் தீப்பிடித்துப் புகையும். இரண்டு மூன்று விநாடிக்கு அது எரியத்தான் செய்யும், பதற வேண்டாம். மட்டம் ஆனதும் சுற்றி நடந்துகொண்டே தண்ணீர் ஊற்றுங்கள், ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். மரம் முறுகுகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

குளிர்ந்த பிறகு சுத்தியலால் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டுங்கள். பன்னிரண்டும் 'கிண்' என்று ஒரே மாதிரி பேச வேண்டும். ஏதாவது ஒன்று 'டொக்' என்றால் அது உட்காரவில்லை.

இருசு நுழையும் இரும்புக் குழலைக் கடைசியில்தான் குடத்துக்குள் இறக்க வேண்டும். பட்டை நெருக்கியதில் நடுமையம் ஒரு நூல் நகர்ந்திருக்கும். சக்கரத்தைச் சுற்றவிட்டு, வட்டை ஆடாமல் ஓடும் வரை குழலைச் சுற்றிச் சிறு ஆப்புகள் வைத்துச் சரிசெய்யுங்கள். இருசுக்கு மசை போடாமல் ஓட்டவே கூடாது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது பழைய மசை, இப்போது பெட்ரோல் பங்கில் வாங்கும் கிரீஸ் போதும். ரேக்ளாச் சக்கரத்துக்கும் முறை இதேதான். எல்லாம் மெலிந்திருக்கும், கனம் குறைப்பதற்கே அங்கே காசு.

கோடையில் பட்டை தளர்கிற மாதிரி இருந்தால் சிலர் சக்கரத்தை வாய்க்காலில் இறக்கி ஊறவைப்பார்கள். இரண்டு வாரத்துக்குத் தாங்கும். அப்புறம் முன்னைவிடத் தளரும், ஆரக்காலின் அடியில் ஈரம் தங்கி மரம் மக்கவும் செய்யும். பட்டையைக் கழற்றி, முன்பு சொன்ன தகட்டு வட்டை உருட்டி, சக்கரத்துக்கும் பட்டைக்கும் இப்போது எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, முக்கால் அங்குலக் குறைவு வரும்படி பட்டையில் ஒரு துண்டை வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைப்பதே சரி. வெட்டுவதற்கு முன் வட்டைகளின் சேர்மானத்தைப் பாருங்கள். எல்லாம் முட்டிக்கொண்டு நின்றால், ஒரு சேர்மானத்தில் ரம்பத்தை ஒருமுறை ஓட்டி இடம் செய்துகொண்ட பிறகே பட்டையை அளக்க வேண்டும். இரண்டாவது தடவையும் இதே நிலை வந்தால் ஆரக்கால் கழுந்துகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பன்னிரண்டையும் மாற்றுங்கள், குடத்தில் வெடிப்பு இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.